ஏடு பெயர்த்தெழுதல்

கலைப்பீட மாணவன் ஒருவன் கணனி வழங்கியொன்றின் இயங்குதளத்தைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரின் வாசகர் சிலருக்கு வியப்பை அளித்தல் கூடும். வரலாற்றையும் தமிழையும் பாடங்களாகப் பயிலும் எனக்கு இத்துறையில் முறையான பயிற்சி எதுவும் இல்லை. ஆயினும், 2025ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களில் வடமராட்சியிலுள்ள எங்கள் ஊர் வாசிகசாலையின் வழங்கியைப் புதுப்பிக்கும் பணியிற் பங்குகொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அப்பணி கணனி சார்ந்தது என்பதிலும் பார்க்க ஏடு சார்ந்தது என்பதே எனது எண்ணம். அதனாலேயே இதனை இங்கு எழுதத் துணிந்தேன்.

வழங்கி என்பதும் சேவையகம் என்பதும் ஒரே பொருளையே குறிப்பன. ஊரில் எவரும் இவ்விரண்டையும் சொல்வதில்லை. ‘சேர்வர்’ என்றே சொல்வர். ஏனைய கணனிகள் கேட்பனவற்றை எடுத்துக் கொடுப்பதற்கென இடையறாது இயங்கிக்கொண்டிருக்கும் கணனி அது. அதன் வன்பொருளுக்கும் அதில் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நின்று யாவற்றையும் நடத்துவது இயங்குதளம். எமது பாடசாலைப் பாடநூல்கள் இதனைப் பணிசெயல் முறைமை எனக் கூறும். எங்கள் வாசிகசாலையில் உள்ளது பெரிய இயந்திரமன்று. 2020இல் புலம்பெயர்ந்த அன்பர் ஒருவரின் உதவியால் வாங்கப்பட்ட சாதாரண மேசைக்கணனி. அதில் உபுண்டு 20.04 என்னும் லினக்ஸ் இயங்குதளம். கடற்கரைக்கு அண்மித்த ஊராதலால் உப்புக்காற்று அதன் பின்புற ஆணிகளைத் துருவேற்றியிருந்தது. அதனை மூடியிருக்கும் துணி, தலைவரின் மனைவியாருடைய பழைய சேலையின் ஒரு பகுதி.

அதனுள் இருப்பன யாவை என்பதைச் சொன்னாலன்றி இப்பணியின் அருமை விளங்காது. எமது பகுதியில் ஒருவர் இறந்தால் அந்தியேட்டி நாளில் நினைவு மலர் வெளியிடும் வழக்கம் உண்டு. ‘கல்வெட்டு’ என்று ஊரார் அழைக்கும் அச்சிறு நூல்களில் இறந்தவரின் வமிசாவளி, பிறந்த ஊர், புகுந்த ஊர், தொழில், கட்டிய மடம், தோண்டிய கிணறு என யாவும் வெண்பாவிலும் விருத்தத்திலும் இடம்பெறும். கவிதை என்ற அளவில் அவற்றுட் பல சுமாரானவையே. சமூக வரலாற்றுச் சான்று என்ற அளவில் அவற்றுக்கு ஈடில்லை. அவற்றோடு பாடசாலை ஆண்டு மலர்கள், நாடக அறிவித்தற் பிரசுரங்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், அண்ணாவிமார் பாடிய கூத்துப் பாட்டுகளின் ஒலிநாடாக்கள் ஆகியனவும் வீடு வீடாகச் சென்று திரட்டப்பட்டு, வருடப்பட்டு, பட்டியலிடப்பட்டு அவ்வழங்கியிற் சேர்க்கப்பட்டுள்ளன.

இவற்றின் மூலங்கள் இன்று எங்கே? சில உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவர்கள் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போய்விட்டனர். சிலவற்றைக் கறையான் தின்றது. ஒலிநாடாக்கள் ஒருமுறை ஓடி முடிந்தபின் மறுமுறை ஓட மறுத்தன. ஆக, அவ்விரும்புப் பெட்டிக்குள் இருப்பவற்றுட் கணிசமானவை வேறெங்கும் இல்லாதவை. 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பதை அறியாத மாணவர் இங்கு இலர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எத்தனை வீட்டு அலுமாரிகள் திறந்தபடியே விடப்பட்டன என்பதற்கோ கணக்கே கிடையாது. எங்கள் வழங்கியிலுள்ள ஆண்டு மலர்களுள் ஒன்று அந்நடையின்போது உரப்பையொன்றிற் சுற்றப்பட்டுச் சைக்கிளிற் சென்று திரும்பியது. அட்டையில் அந்த ஈரத்தின் வடு வருடற் படத்திலும் தெரிகின்றது. இத்தகைய வரலாற்றையுடைய சமூகத்தில், பிரதி என்பது வெறும் தொழினுட்பச் சொல்லாக இருத்தல் இயலாது.

உபுண்டு 20.04க்கான பொது ஆதரவு 2025 மே மாதத்துடன் நிறைவுறும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளிவரும் இவ்வகை நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கும். அதன்பின் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைப்பார் இலர். எனவே புதிய பதிப்புக்கு மாறவேண்டும் என்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கணனி விஞ்ஞானம் பயின்று வெளியேறிய எங்கள் ஊர் அண்ணா ஒருவர் வாசிகசாலைக் கூட்டத்திற் கூறினார். தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாஸ்ரர் என்றே யாவரும் அழைப்போம். அவர் சற்றுநேரம் யோசித்துவிட்டு, “தம்பி, உது ஓடிக்கொண்டுதானே இருக்கு. ஓடுற வண்டிலை மறிச்சு அச்சாணி மாத்த வேணுமோ? பிறகு பூட்டேலாமற் போனால் என்ன செய்யப்போறீர்?” என்று கேட்டார்.

சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாஸ்ரரின் வினா அறியாமையின் வினா அன்று. இயங்குகின்ற ஒன்றை இயங்கவிடுதலே அறிவு என்பது இப்பகுதியின் தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் தம் இயந்திரங்களைக் கொண்டு கற்ற பாடம். நீரிறைக்கும் இயந்திரத்தைத் தேவையின்றிக் கழற்றிப் பூட்டியவன் அந்தப் போகத்தையே இழந்த கதைகள் ஊரில் உண்டு. கணனியுலகிலும் இதற்குச் சான்றுகள் குறைவில்லை. மைஸ்பேஸ் என்னும் அமெரிக்க இணையத்தளம், தனது வழங்கிகளை இடம்மாற்றியபோது 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்கள் இழக்கப்பட்டன என்பதை 2019இல் ஒப்புக்கொண்டது. இழந்த பாடல்கள் ஏறத்தாழ ஐந்து கோடி எனச் செய்தியேடுகள் எழுதின. பிரித்தானியாவின் ரிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலிற் புதிய முறைமைக்கு மாறிய வார இறுதியின் பின் பத்தொன்பது இலட்சம் வாடிக்கையாளர் வரையிற் தம் கணக்குகளை அணுகவியலாது தவித்தனர். இவையெல்லாம் மாறாமையாற் கெட்டவை அல்ல. மாற முனைந்து கெட்டவை.

எனினும் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அதற்கு நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26இல் இலங்கை அரசாங்கத்தின் மேகக்கணனி முறைமை கப்பம் கோரும் நச்சுநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அங்கு பயன்பாட்டில் இருந்தது மைக்ரோசொப்ற் எக்ஸ்சேஞ்ச் 2013 என்னும் மென்பொருள். அதற்கான ஆதரவு அவ்வாண்டு ஏப்ரல் 11இலேயே முடிவுற்றிருந்தது. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாறத் திட்டமிடப்பட்டதாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சில தீர்மானங்களாலும் அது பிற்போடப்பட்டதாகவும் பொறுப்பான அதிகாரிகள் அப்போது தெரிவித்தனர். அதைவிடக் கொடியது, காப்புப் பிரதிகளும் அதே முறைமையோடு இணைந்திருந்தமையால் அவையும் பூட்டப்பட்டமை. விளைவாக மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. வண்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அச்சாணி தேய்ந்தமை வெளியே தெரியவில்லை, அவ்வளவே.

இந்நிகழ்ச்சியை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் கூறியபோது மாஸ்ரர் மறுக்கவில்லை. “அப்ப மாத்துவம். ஆனால் பழசைத் தொடாமல் மாத்த வழியிருந்தாற் சொல்லுங்கோ” என்றார். பின்னர் நாங்கள் செய்தவை யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் விரிவே எனலாம்.

பழையதைத் தொடாது மாற்றுதல் தமிழுக்குப் புதியதன்று. ஓலைச்சுவடியின் ஆயுள் வரையறைக்குட்பட்டது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகள் கடந்தால் அது நொறுங்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதிற்று. சங்க நூல்கள் நம் கைக்கு எட்டியது இடையறாத இப்பெயர்ப்பினாலேயே. எங்கு பெயர்த்தெழுதுவார் இல்லாது போயினரோ அங்கு நூல் மறைந்தது. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) ஏடு தேடி அலைந்து, 1881இல் வீரசோழியத்தையும் 1885இற் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும் 1887இற் கலித்தொகையையும் பதிப்பித்தபோது செய்ததும் ஒருவகை இயங்குதள மாற்றமே என்று நான் கூறின், தமிழ்த்துறை விரிவுரையாளர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். ஓலையிலிருந்து அச்சுக்கு நூல் ஏறியது. தாங்கும் பொருள் மாறியது. தாங்கப்படுவது மாறாதிருக்க வேண்டும் என்பதே அவரது கவலை. அவர் ஒரே ஏட்டை நம்பவில்லை. பல ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கினார். ஒப்புநோக்கல் என்னும் இச்சொல்லை நாங்கள் எங்கள் பணிக்கொப்பியின் முதற் பக்கத்திற் பெரிதாக எழுதி வைத்தோம்.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. ஓலை அழியும்போது கண்ணுக்குத் தெரிய அழிகின்றது. ஓரத்தில் ஒடிகின்றது, துளை விழுகின்றது. வழங்கியோ இறுதி நிமிடம் வரை முழுமையாகவே தோன்றும். அதனால் ஓலைக்காரரிலும் பார்க்கக் கணனிக்காரருக்கு ஐயம் அதிகம் வேண்டும்.

முதல் வேலை, உள்ளதை அறிதல். எந்தப் பதிப்பு, என்னென்ன செயலிகள், எந்த அமைவுக் கோப்புகள் கையால் மாற்றப்பட்டுள்ளன, இரவில் தானாக நடக்கும் வேலைகள் யாவை, கடவுச்சொற்கள் எவரிடம், அறையின் திறப்பு எவரிடம் என்பனவற்றை எண்பது பக்கக் கொப்பியொன்றிலே தமிழில் எழுதினேன். ஐந்தாண்டுகளில் இவ்வழங்கியைப் பராமரித்தோர் மூவர். ஒருவர் கொழும்பில், ஒருவர் மெல்பேர்ணில். அவர்களுடன் தொலைபேசியிற் பேசியே பாதிச் செய்திகளைப் பெற்றோம். மனிதர் நினைவிலே மட்டும் இருப்பதும் ஒற்றை ஏடுதான் என்று அப்போது தோன்றியது.

இரண்டாவது வேலையிலேதான் நாங்கள் திடுக்கிட்டோம். வழங்கியிலிருந்து வாரந்தோறும் காப்புப் பிரதியொன்று வெளி வன்தட்டிற் பதிவாகிக்கொண்டிருந்தது. கோப்பு இருந்தது, திகதி சரி, அளவு சரி. மாற்றத்தைத் தொடங்குமுன் அப்பிரதியை வேறொரு கணனியில் விரித்துப் பார்க்கவேண்டும் என்று அண்ணா வற்புறுத்தினார். விரித்தபோது, பட்டியலின் தமிழ்த் தலைப்புகள் யாவும் அயல் எழுத்துகளும் குறிகளும் கலந்த கோலமாகத் தோன்றின. ஆறுமுகம் என்ற பெயர் இருந்த இடத்தில் வாசிக்கவியலாத ஒரு வரி. காரணம் பின்னர் விளங்கியது. தரவுத்தளம் முதலில் உருவாக்கப்பட்டபோது அதன் எழுத்துக் குறிமுறை லத்தீன் எழுத்துகளுக்குரியதாகவே அமைக்கப்பட்டிருந்தது. அதனுள் யுனிகோட் தமிழ் எப்படியோ தன் வழியில் வாழ்ந்துகொண்டிருந்தது. பிரதியெடுக்கும் செயலி அதை லத்தீன் என நம்பி மீண்டும் ஒருமுறை யுனிகோட்டுக்கு மாற்றியிருந்தது. நல்வாய்ப்பாக, இருமுறை பெயர்க்கப்பட்டதை ஒருமுறை பின்னோக்கிப் பெயர்க்க முடிந்தது. பிரதியெடுக்கும் முறையைத் திருத்தி மறுபடியும் எடுத்து விரித்தபோது ஆறுமுகம் ஆறுமுகமாகவே வந்தார்.

பரிசோதிக்கப்படாத காப்புப் பிரதி காப்பன்று என்பதற்குக் கிற்லாப் என்னும் நிறுவனத்தின் அனுபவத்திலும் தெளிவான சான்று இல்லை. 2017 சனவரி 31இல் அங்கு பொறியியலாளர் ஒருவர் களைப்பு மிகுந்த இரவிலே தவறான வழங்கியிற் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவற்றுள் எதுவும் உரியவாறு கைகொடுக்கவில்லை. தரவுத்தளம் 9.6 என்னும் பதிப்பில் இயங்க, பிரதியெடுக்கும் கருவி 9.2 என்னும் பழைய பதிப்பில் இருந்தமையால் அது ஒவ்வொரு முறையும் தோற்று நின்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தமையால் எவரும் அறியவில்லை. தற்செயலாக ஆறு மணிநேரத்துக்கு முன் வேறொரு நோக்கத்துக்கென எடுக்கப்பட்ட பிரதியே அவர்களைக் காத்தது. தமது பிழையை ஒளிக்காது அவர்கள் முழுமையாக வெளியிட்டனர் என்பதையும் சொல்லவேண்டும். அதனாலேயே வடமராட்சியில் இருக்கும் நாங்களும் அதைப் படித்தறிந்தோம்.

காப்புப் பிரதிகளை மூன்றாக்கினோம். ஒன்று வாசிகசாலை அலுமாரியில், ஒன்று வேறு ஊரில், மூன்றாவது வெளிநாட்டில். ஒன்றாவது எந்த வலையமைப்போடும் இணையாதிருத்தல் வேண்டும் என்பது 2023 தந்த படிப்பினை. அவை ஒரே இடத்தில் இருத்தலாகாது என்பதைத் தென்கொரியாவும் பிற்பாடு காட்டிற்று. 2025 செப்ரெம்பர் 26இற் தேஜோன் நகரிலுள்ள அரசத் தரவு நிலையத்தில், பற்றரிகளை வழங்கிகளிலிருந்து அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே தீ மூண்டு, அரச ஊழியரின் ஆவணக் களஞ்சியமொன்று 858 ரெராபைற் அளவில் வெளிப்பிரதி இன்றி எரிந்துபோயிற்று. பாதுகாப்புக்கென மேற்கொண்ட வேலையே கேடானது எத்தகைய முரண்!

பின்னர் ஒத்திகை. வன்தட்டை முழுமையாகப் படியெடுத்து, அப்படியை வேறொரு மேசைக்கணனியிற் பூட்டி, மாற்றத்தை முதலில் அதில் நடத்தினோம். உபுண்டு 20.04இலிருந்து 24.04க்கு ஒரே பாய்ச்சலிற் செல்ல இயலாது, இடையில் 22.04இல் தங்கியே செல்லவேண்டும். ஒத்திகைக்கு நாங்கள் தெரிந்தெடுத்த நாள் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மணியளவில், நூற்றுக்கணக்கான பொதிகள் பாதி நிறுவப்பட்டும் பாதி நிறுவப்படாதும் இருந்த வேளையில் மின்சாரம் நின்றது. நாடு முழுவதும் நின்றது. பாணந்துறைத் துணை மின்நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியோடு தொடர்புற்றமையே காரணம் என அமைச்சர் கூறினார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் இருளில் இருந்த எமக்கு மின்வெட்டுப் புதிதன்றாயினும், இராமாயணத்தில் இலங்கைக்குத் தீயிட்ட இனத்தார் இம்முறை விளக்கை அணைத்தனர் என்று மாஸ்ரர் சொன்னதை இங்கு பதியாமல் இருக்க முடியவில்லை. மின்சாரம் மீண்டபின் அக்கணனி அரைகுறையாக எழுந்தது. அதைச் சீர்செய்யும் கட்டளைகள் உண்டு, செய்தும் பார்த்தோம். ஆயினும் ஐயத்திற்கிடமான அப்படியை அழித்துவிட்டுப் புதிய படியோடு மறுவாரம் தொடங்கினோம். மூல வன்தட்டு அவ்வேளையெல்லாம் தன் இடத்தில் அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தது. யூபிஎஸ் கருவி ஒன்றுக்கும் அயல்வீட்டு மின்பிறப்பாக்கிக்கும் அன்றே ஏற்பாடாயிற்று.

ஒத்திகை வேறு சிலவற்றையும் வெளிக்கொணர்ந்தது. எங்கள் பட்டியற் செயலி பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. 20.04இல் அம்மொழியின் 7.4 பதிப்பும், 22.04இல் 8.1 பதிப்பும், 24.04இல் 8.3 பதிப்பும் உள. 22.04க்கு ஏறியதும் பட்டியற் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. இலக்கணம் சற்றே மாறியதும் பழைய வாக்கியங்கள் பிழையாகி விட்டன. நன்னூலைத் தொல்காப்பியத்தைக் கொண்டு திருத்தப் புகுந்தவன் போல அண்ணா சிலநாள் அவதியுற்றார். ஈற்றில், பழையதிலும் புதியதிலும் இயங்கவல்ல இடைப்பட்ட பதிப்பொன்றுக்கு முதலிற் செயலியை மாற்றி, அதன்பின் இயங்குதளத்தை மாற்றுவதே ஒழுங்கு எனக் கண்டார். மாற்றத்தின் நடுவே, ‘இக்கோப்பை நீர் திருத்தியுள்ளீர்; உமது வடிவை வைத்திருப்பதா, புதியதை ஏற்பதா?’ என்ற கேள்வி பலமுறை எழும். நள்ளிரவிற் களைத்திருக்கும் மனிதன் இதற்கு ஏதோவொரு விடையை அழுத்திவிடுவான். ஆகையால் ஒவ்வொரு கேள்விக்கும் உரிய விடையை ஒத்திகையின்போதே தீர்மானித்துக் கொப்பியில் எழுதிக்கொண்டோம்.

என் பங்கு சரிபார்த்தல். கணனிக்காரர் கோப்புகளின் எண்ணிக்கையையும் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிடுவர், அவை வேண்டியவையே. எனினும் கல்வெட்டைக் கல்வெட்டாக வாசித்துப் பார்ப்பவன் ஒருவனும் வேண்டும். ‘கொக்குவில்’ என்று தேடியபோது இருக்கவேண்டிய மலர்களுட் சில வரவில்லை. யுனிகோட்டில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் அரவுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்துக்கு வேறு வேறு. வெவ்வேறு கணனிகளில் தட்டெழுதப்பட்டவை வெவ்வேறு விதமாகப் பதிந்திருந்தன. இது மாற்றத்தால் விளைந்த குறையன்று. முன்பே இருந்து எவர் கண்ணிலும் படாதது. அனைத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் கொக்குவிலும் கோண்டாவிலும் தத்தம் இடத்துக்கு வந்தன. பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட பழைய கோப்புகள் இன்னொரு சிக்கல். எழுத்துரு இல்லாத கணனியில் அவை ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே தெரியும். அவ்வெழுத்துருவையும் ஒரு ஆவணமாகக் கருதி அவற்றோடு சேர்த்து வைத்துள்ளோம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் மின்னூல்களைப் பழைய குறிமுறைகளிலிருந்து யுனிகோட்டுக்குப் பெயர்க்க நேர்ந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளை இணையத்திற் திரட்டிவருகின்றது. இத்தகையோரின் உழைப்பிற் பெரும்பகுதி வெளியே தெரியாத இவ்விதப் பெயர்ப்பு வேலையாகவே இருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

உண்மையான மாற்றத்துக்கு நாள் குறித்ததிலும் ஒரு வேடிக்கை. வாக்கிய பஞ்சாங்கப்படி நல்ல நாள் திருக்கணிதப்படி அவ்வளவு நல்லதன்று என்று செயற்குழுவில் விவாதம் எழுந்தது. அண்ணாவோ தமக்கு விடுமுறை கிடைக்கும் நாளே சுபதினம் என்றார். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். வழங்கியை நிறுத்தி, இறுதிப் பிரதியெடுத்து, மூல வன்தட்டைக் கழற்றித் துணியிற் சுற்றி மாஸ்ரர் கையிற் கொடுத்தோம். அவர் அதை அலுமாரியிற் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டார். அதன் படியாகிய புதிய வன்தட்டிலேயே மாற்றம் நிகழ்ந்தது. எது பிழைத்தாலும் அரை மணிநேரத்திற் பழைய நிலைக்கு மீளலாம் என்ற அந்த உறுதியே எங்கள் கைகளை நடுங்காது வைத்தது.

ஆயினும் ஒத்திகையிற் தோன்றாத ஒன்று அன்று தோன்றிற்று. இரண்டாம் படி முடிந்து கணனி மீண்டெழுந்தபோது வலையமைப்பில் அதைக் காணவில்லை. அதன் வலையமைப்பு அட்டைக்குப் புதிய பதிப்பு வேறு பெயர் சூட்டியிருந்தது. அமைவுக் கோப்போ பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. ஒத்திகை வேறு கணனியில் நடந்தமையால் இது முன்கூட்டித் தெரியவில்லை. கொழும்பிலிருந்தோ மெல்பேர்ணிலிருந்தோ இவ்வேலையைச் செய்திருந்தாற் கதவு உட்புறமாகப் பூட்டப்பட்ட கதையாகியிருக்கும். திரையும் விசைப்பலகையும் முன்னே இருந்தமையாற் பெயரை மாற்றியெழுதச் சில நிமிடங்களே சென்றன. அச்சில நிமிடங்களில் மாஸ்ரர் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன்.

மாலை நான்கு மணியளவிற் பட்டியல் திறந்தது. இருப்பினும் வேலை முடிந்ததாக எழுதவில்லை. நூறு ஆவணங்களைக் குருட்டாம்போக்கிற் தெரிந்து ஒவ்வொன்றையும் திறந்து வாசித்தோம்; ஒலிப்பதிவுகளை இறுதிவரை கேட்டோம். அன்றிரவு தானாக எடுக்கப்பட்ட காப்புப் பிரதியை மறுநாட் காலை விரித்து மீண்டும் ஒப்புநோக்கினோம். பழைய வன்தட்டு மேலும் மூன்று மாதம் அலுமாரியிற் தொடாது வைக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்துச் சிறு நூலகங்களிலும் சனசமூக நிலையங்களிலும் சங்க அலுவலகங்களிலும் இத்தகைய கணனிகள் எத்தனையோ உள. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிவுற்றதையும் பலர் அறியார். அவற்றைப் பராமரிப்போர் பெரும்பாலும் என்னைப் போன்ற மாணவர். பட்டம் பெற்றதும் ஊரைவிட்டு அகல்பவர். வழிகாட்டும் நூல்களோ ஆங்கிலத்தில். கணனி வல்லுநரைப் பட்டந்தோறும் உருவாக்கும் நாம், இவ்வேலைகளைத் தமிழில் எழுதிவைக்கும் வழக்கத்தை இன்னும் உருவாக்கவில்லை என்பது என் மனக்குறை. கலைச்சொல் பற்றி மாநாட்டில் விவாதிப்பதற்கு முன், வாசிகசாலைப் பொறுப்பாளர் ஒருவர் மின்வெட்டுக்குப் பின் செய்யவேண்டியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் கொப்பி இப்போது ஐம்பத்திரண்டு பக்கம் நிரம்பியுள்ளது. 24.04க்கான பொது ஆதரவு 2029 வரை உண்டு. அப்போது நான் எங்கிருப்பேனோ தெரியாது; அண்ணா வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பித்துள்ளார். உயர்தரம் படிக்கும் இரு மாணவியர் இப்போது வெள்ளிதோறும் வந்து காப்புப் பிரதியை விரித்துப் பார்க்கின்றனர். சென்ற மாதம் அவர்களுள் ஒருவர் கொப்பியின் பதினேழாம் பக்கத்திலுள்ள ஒரு படி விளங்கவில்லை என்று குறித்து, சிவப்பு மையினால் அதைத் திருத்தி எழுதியிருந்தார். அந்தக் கொப்பிக்கும் ஒரு பிரதி எடுக்கவேண்டும் என்று மாஸ்ரர் கூறியிருக்கிறார்.